இப்பன்கட்டுவ கற்பதுக்கைகளுக்கு ஒரு நாள்: வெள்ளவத்தைப் பயணச் சேவை ஒன்றைப் பற்றி

தம்புள்ளைக்கு அருகிலுள்ள இப்பன்கட்டுவவில், இறந்தோரின் எச்சங்களைக் கற்பதுக்கை எனும் பலகைக் கற்பெட்டிகளில் வைத்த பெருங்கற்கால ஈமக்காட்டுக்கு, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வான் ஒழுங்குசெய்து தமிழில் விளக்கமளிக்கும் சிறிய சேவை ஒன்றுடன் சென்ற மாதம் போய்வந்தேன். சிகிரியாவுக்கு ஆள் சேர்ப்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஏறக்குறைய கி.மு. 700 தொடக்கம் 450 வரையான இடுகாடு ஒன்றை முதன்மையாக வைத்து அழைத்துச் செல்பவர்களை நான் கண்டது இதுவே முதல் தடவை.

வழிகாட்டியின் விளக்கத்துக்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன். குருநாகலில் தேநீருக்கு நின்றபோது அவர் நான்கு சிலேட்டுத் துண்டுகளைச் சிறுவர்களிடம் கொடுத்து, செங்குத்தாக நிறுத்திப் பெட்டியாக்கச் சொன்னார். உள்ளே ஒரு சிறு மண்சட்டியையும் இரண்டு சூதுபவள (செந்நிறக் கல்) மணிகளையும் வைத்து, ஐந்தாவது துண்டால் மூடினார். அதன்பின் உண்மையான பலகைக் கற்களின் முன் நின்றபோது, எரித்த எலும்பும் சாம்பலும் இட்ட தாழி எங்கே இருந்திருக்கும் என்பதைச் சிறுவர்களே சொன்னார்கள். புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் தாழிகளும் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் நீட்டிக் கிடத்திய உடலும் கிடைத்திருக்க, இங்கே கற்பெட்டி அமைந்த வேறுபாட்டையும் அவர் பொறுமையாக விளக்கினார். சங்கப் பாடல்களில் பாலை வழியில் இறந்தோர்மேல் குவித்த கற்களுக்கு வழங்கிய ‘பதுக்கை’ என்ற சொல்லை அவர் வாயால் கேட்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

இளைஞர் ஒருவர் படமெடுப்பதற்காக மூடுகல்லில் கால் வைக்கப் போனார். “தம்பி, கால் வையாதேங்கோ, அதுக்குள்ள ஒருத்தரை வச்சிருந்தவை,” என்றார் வழிகாட்டி. புதையல் தோண்டுபவர் ஒரு கல்லைப் புரட்டினாலும், எந்த மணி எவருடைய எலும்போடு இருந்தது என்ற செய்தி ஒருபோதும் மீளாது என்று அவர் தொடர்ந்து சொன்னதை எல்லோரும் அமைதியாகக் கேட்டோம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய சின்னங்களைச் சேதப்படுத்துவது குற்றம். சேவையின் துண்டுப்பிரசுரத்திலோ அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘மர்மக் கல்லறைகள்’ என்ற தலைப்புத்தான் பெரிதாக இருக்கிறது. அதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும்.

நேர ஒதுக்கீடுதான் பெருங்குறை. ஐந்து மணித்தியாலம் பயணம் செய்து சென்ற இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். மதிய உணவுக்கோ இரண்டு மணித்தியாலம். வானும் சாரதியும் குறைசொல்ல இடம் வைக்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு அம்மாவையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறேன். சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு வருகிறோம், அந்த இரண்டு மணித்தியாலத்தையும் இப்பன்கட்டுவவிலேயே தாருங்கள் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன்.