ஆல்ஃபா வகுப்பு: நரகத்தைப் பற்றிய கேள்வியோடு போகிறவர்களுக்கு எவ்வளவு பயன்?

கிறிஸ்தவ விசுவாசத்தில் சந்தேகம் உள்ளவர்கள் எதையும் கேட்கலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள் என்ற உறுதியோடு நடப்பது ஆல்ஃபா வகுப்பு. லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் சபையில் 1977இல் சார்ல்ஸ் மார்ன்ஹாம் புது விசுவாசிகளுக்காக இதைத் தொடங்கினார். 1990இல் பொறுப்புக்கு வந்த நிக்கி கம்பெல், சபைப் பக்கமே வராதவர்களும் வந்து உட்காரும்படி இதை மாற்றினார். இன்று கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் உட்படப் பலரும் நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. வார இறுதி முகாமுக்கு மட்டும் தங்குமிடச் செலவு கேட்பது உண்டு.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை இங்கே விட்டுவிடலாம். அதற்கு இந்த வகுப்பு பொருத்தம்தான். 'நான் நிஜமாகவே இரட்சிக்கப்பட்டேனா?', 'இயேசுவை அறியாமல் இறந்த என் தாத்தா நித்திய ஆக்கினைக்குப் போவது நியாயமா?' என்ற இரண்டு கேள்விகளோடு வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதே இந்த விமர்சனம். முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் கிடைக்கும். இரண்டாவதற்குப் பேச ஓர் இடம் மட்டும் கிடைக்கும், பதில் கிடைக்காது.

அமைப்பு எளிது. வாரம் ஒரு மாலை, ஏறக்குறைய பத்துப் பதினொரு வாரம். முதலில் சாப்பாடு, பிறகு அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஓர் உரை அல்லது காணொளி, அதன் பிறகு எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் கலந்துரையாடல். நடுவில் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு முழு நாளோ வார இறுதியோ. குழுவை நடத்துபவர் பதில் சொல்லக் கூடாது, வாதாடக் கூடாது, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதே பயிற்சியில் அழுத்திச் சொல்லப்படும் விதி. வகுப்பின் மதிப்பு முழுவதும் இந்த விதியில்தான் இருக்கிறது.

நம் ஊரில் முதலில் உடைவதும் இந்த விதிதான். போதகரே குழுவில் உட்கார்ந்துவிட்டால், அவர் வாயைத் திறக்காவிட்டாலும், இருபது வயதுப் பிள்ளை 'எனக்கு நரகத்தில் நம்பிக்கை இல்லை' என்று சொல்லப்போவதில்லை. வேதவசனம் மனப்பாடமாகத் தெரிந்த மூத்த விசுவாசி ஒருவர் உதவியாளராக இருந்தாலும் அப்படியே. கேள்வி முடியுமுன் வசனம் வந்து விழும். சாப்பாடு நீண்டுபோனால் வெட்டுப்படுவது உரை அல்ல, கலந்துரையாடல். பிரியாணிக்கு வரிசை நின்றே முக்கால் மணி நேரம் போய்விட்டால் மீதமிருப்பது வெறும் பிரசங்கம்தான். சேருமுன் நடத்துபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குழுவில் சபை ஊழியர் யாராவது உட்காருவாரா, பேச எத்தனை நிமிடம், எந்த மொழியில். பேசுவதற்கு அரை மணி நேரமாவது இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

நம் விஷயம் நேரடியாக வருவது 'இயேசு ஏன் மரித்தார்?' என்ற வாரத்தில். கம்பெல் வகுத்த உரையில் பாவத்துக்கு நான்கு விளைவுகள்: அது கறைப்படுத்துகிறது, அடிமைப்படுத்துகிறது, தண்டனைக்கு உள்ளாக்குகிறது, கடவுளிடமிருந்து பிரிக்கிறது. சிலுவையை விளக்க நான்கு சித்திரங்கள்: ஆலயம், சந்தை, நீதிமன்றம், வீடு. இந்தப் பகுதி உண்மையிலேயே நன்றாக அமைந்தது. மாற்று மரணத்தை, அதாவது நமக்குப் பதிலாக இயேசு தண்டனையை ஏற்றார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும் பிரசங்கங்களைக் கேட்டுப் பழகியவருக்கு, புதிய ஏற்பாடு ஒரே உவமையில் நிற்கவில்லை என்பதே ஒரு திறப்பு.

சிக்கல் நீதிமன்றச் சித்திரத்தில். நீதிபதி ஒருவர் முன் அவருடைய பழைய நண்பன் குற்றவாளியாக நிற்கிறான். அவர் சட்டப்படி அபராதம் விதிக்கிறார், பின் இறங்கி வந்து தானே அதைக் கட்டிவிடுகிறார். கம்பெல் வழக்கறிஞராக இருந்தவர், கதை சுருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கிறது. ஆனால் பிறருடைய அபராதத்தை நாம் கட்டலாம், பிறருடைய தூக்குத் தண்டனையை எந்த நீதிமன்றமும் நம் மேல் ஏற்றாது. அபராதத்துக்கு ஓர் அளவும் உண்டு. அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கையின் பாவத்துக்கு முடிவே இல்லாத தண்டனை என்ன கணக்கு என்பதை இந்தக் கதை தொடுவதில்லை. அளவற்ற கடவுளுக்கு எதிரான குற்றம் அளவற்றது என்று இடைக்கால இறையியலாளர்களான அன்செல்மும் அக்குவினாசும் வாதிட்டார்கள். அதை ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் வகுப்பில் அது மேசைக்கே வருவதில்லை. ஆஷ்விட்சில் 1941இல் இன்னொருவருக்குப் பதிலாகச் சாக முன்வந்த மாக்ஸிமிலியன் கோல்பேயின் வரலாறும் அதே வாரத்தில் சொல்லப்படும். கேட்டவர் கலங்காமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே தண்டித்தது நாசிகள், தண்டனை அநியாயம். கடவுளின் தீர்ப்பு நியாயமா என்று தவிப்பவருக்கு இந்த ஒப்புமை எதிர்ப்பக்கமாகவே வேலை செய்யும். இதைக் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள், நல்ல பேச்சு பிறக்கும்.

அடுத்த வாரம் 'எப்படி விசுவாசம் கொள்வது?' இரட்சிப்பின் நிச்சயத்துக்கு மூன்று ஆதாரங்கள் தரப்படும்: வேதத்தின் வாக்குத்தத்தம், இயேசு செய்து முடித்த வேலை, உள்ளே ஆவியானவர் தரும் சாட்சி. பாவ அறிக்கை ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் நிம்மதி இல்லாதவர்களுக்கு முதல் இரண்டும் நல்ல மருந்து, நிச்சயம் என் உணர்ச்சியைப் பொறுத்தது அல்ல என்கின்றன. மூன்றாவதுதான் வார இறுதி முகாமில் காலை வாரிவிடும். பக்கத்தில் இருப்பவர் அழுகிறார், அந்நிய பாஷை பேசுகிறார், தனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே பயந்த மனம் 'அப்படியானால் நான் தள்ளப்பட்டவன்' என்று முடிவு கட்டும். மத மனக்கலக்கம் அதிகமாக இருப்பவர்கள் அந்த முகாமைத் தவிர்த்துவிட்டு மற்ற வாரங்களுக்கு மட்டும் போகலாம், யாரும் தடுக்க முடியாது.

விசுவாசத்திலிருந்து விழுந்துபோனவர்களைப் பற்றிய எபிரெயர் 6:4–6 பெரும்பாலும் பேசப்படாமலே போகும். கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கடைசிவரை நிலைப்பார் என்பது கால்வின் வழி, பிரெஸ்பிட்டேரியர் மரபு. இரட்சிப்பை இழக்க முடியும் என்பது வெஸ்லி வழி, மெதடிஸ்டு மரபு. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பிரெஸ்பிட்டேரியர், மெதடிஸ்டுகள், ஆங்கிலிக்கர், காங்கிரிகேஷனலிஸ்டுகள் எல்லாரும் சேர்ந்தார்கள். ஆகவே ஒரே குழுவில் இரண்டு வழியும் பேர் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். நடத்துபவர் இதை அறிந்தவராக இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நரகத்துக்கென்று தனி உரை இல்லை. அடிக்கடி வரும் ஆட்சேபங்களுக்காகக் கம்பெல் எழுதிய துணை நூலிலும் அதற்கு ஓர் அத்தியாயம் இல்லை. இது தற்செயல் என்று தோன்றவில்லை. இத்தனை சபைகள் ஒரே காணொளியைப் போட வேண்டுமானால் எங்கே பிரிவினை இருக்கிறதோ அங்கே மௌனம் வசதி. ஆல்ஃபா பிறந்த இங்கிலாந்து திருச்சபையிலேயே 1995இல் கோட்பாட்டுக் குழு அறிக்கை நரகத்தை முடிவற்ற சித்திரவதையாக அல்ல, முழுமையான இல்லாமையாக விளக்கியது. சுவிசேஷப் பிரிவின் மூத்த தலைவர் ஜான் ஸ்டாட் 1988இலேயே, துன்மார்க்கர் கடைசியில் அழிந்துபோவார்கள் என்ற கருத்துக்குத் தயக்கத்தோடு இடம் கொடுத்தார். கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு எண் 1035இல் நரகத்தின் நித்தியத்தை உறுதிசெய்கிறது, எண் 1030இல் இறந்தபின் தூய்மை பெறும் உத்தரிக்கும் நிலையை வைக்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமோ சுவிசேஷத்தைத் தம் குற்றமின்றி அறியாதவர்களும் மீட்படைய முடியும் என்கிறது. உங்கள் தாத்தாவைப் பற்றிய கேள்விக்கு நேராக வரும் வரி இதுதான். புரொட்டஸ்டண்ட் குழுவில் இதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே கையில் வசனங்களோடு போங்கள். நித்தியத் தண்டனை என்ற பக்கத்துக்கு மத்தேயு 25:46, வெளிப்படுத்தல் 20:10. அழிவு என்ற பக்கத்துக்கு மத்தேயு 10:28, 2 தெசலோனிக்கேயர் 1:9. எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று வாதிடுவோர் எடுப்பது ரோமர் 5:18, 1 தீமோத்தேயு 2:4. ஒரு பக்கத்தின் வசனத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பேச்சை முடிக்க வருபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் அடுத்த பக்கத்தின் வசனத்தை வாசிக்கச் சொன்னால் போதும். லூக்கா 16இன் ஐசுவரியவானும் லாசருவும் கண்டிப்பாக வரும். அது உவமையா, மரணத்துக்குப் பிந்தைய உலகின் வரைபடமா என்று முதலில் கேளுங்கள்.

இணையவழி வகுப்பில் உணவும் இல்லை, பிறர் முகம் பார்த்துத் தயங்கும் நேரமும் குறைவு. வெளிப்படையாகப் பேசப் பயப்படுகிறவர்களுக்கு அதுவே நல்லது, ஊர்க்காரர் யாரும் இல்லாத குழுவாகப் பார்த்துச் சேரலாம். முதல் இரண்டு வாரம் போய்ப் பாருங்கள். மூன்றாம் வாரம் சிலுவையைப் பற்றிய உரை. அன்று கேள்வியைப் போடுங்கள், நடத்துபவர் உங்களிடமே திருப்பிக் கேட்டால் தொடருங்கள். பதிலுக்குப் பிரசங்கம் வந்தால் நான்காம் வாரம் போக வேண்டியதில்லை.