பிஎஸ்ஜி வீடு மாறணுமா? பழைய பார்க்கா, ஸ்டாத் த ஃப்ரான்ஸா, மாசியா?

2025 ஜூன் 1, ராத்திரி 12.30 மணி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில எங்க மாமா வீட்டு மொட்ட மாடி, ஒரு பழைய ப்ரொஜெக்டர், வெள்ளை வேட்டி ஒண்ணு திரையா கட்டியிருக்கு, காத்தடிச்சா கோல் போஸ்ட் வயிறு உப்பின மாதிரி ஆடுது. மியூனிக்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், பாரீஸ் ஃபுட்பால் கிளப் பிஎஸ்ஜி (பாரீஸ் செங் ஷெர்மென்) இன்டர் மிலான 5-0ன்னு துவைச்சு காயப்போட்டுது. மாமா ஒரு காலத்துல சொல்தாவா (பிரெஞ்சு ராணுவ சிப்பாயா) இருந்து பென்ஷன் வாங்கறவரு, பையன் பாரீசுக்கு வடக்க சார்செல்ல இருக்கான், அதனால பிஎஸ்ஜி அவருக்கு குலதெய்வம் மாதிரி. கப்ப தூக்கற நேரத்துல எல்லாரும் விசில் அடிக்கறாங்க, இவரு மட்டும் பெருமூச்சு வுட்டுட்டு சொல்றாரு, "என்ன இருந்து என்னடா, இன்னும் வாடகை வீட்லதான இருக்கானுங்க."

அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை எங்க குடும்ப வாட்ஸாப் க்ரூப்ல இன்னும் முடியல. மாமாவுக்கு ஸ்டாத் த ஃப்ரான்ஸ், அவர் பையனுக்கு புது ஸ்டேடியம், எனக்கு பழைய பார்க். மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்னுதான் இத எழுதறேன். நான் நடுநிலை எல்லாம் கெடையாது, முன்னாடியே சொல்லிடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. பிஎஸ்ஜி ஆடற எடம் பார்க் தே ப்ரின்ஸ் (நான் பார்க்னு சொல்றது இதத்தான்), பாரீஸ் தென்மேற்கு மூலையில 16வது வட்டாரத்துல இருக்கு. 1897ல சைக்கிள் ரேஸ் மைதானமா தொறந்தது, 1903லேருந்து 1967 வரைக்கும் டூர் த ஃப்ரான்ஸ் சைக்கிள் போட்டி வந்து முடியறது அங்கதான். இப்ப நிக்கற கான்க்ரீட் கட்டடம் 1972ல வந்தது, ரொஜே தயிபேர்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டினது. பிஎஸ்ஜி 1974லேருந்து அங்க குடித்தனம். குடித்தனம்னு சொல்றது சும்மா இல்ல, கட்டடம் பாரீஸ் நகராட்சியோடது. 2011ல கத்தார்காரங்க கிளப்ப வாங்கினப்பவும் ஆளு வந்தான், காசு வந்துச்சு, வீடு மட்டும் வரல.

உள்ள சுமார் 48,000 பேர் உக்காரலாம். 60,000 ஆக்கணும், அதுக்கு 50 கோடி யூரோ போட ரெடி, ஆனா முதல்ல எங்களுக்கு வித்துடுங்கன்னு கிளப் கேட்டுச்சு. அப்ப மேயரா இருந்த ஆன் இதால்கோ 2023ல "பார்க் விக்கறதுக்கு இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. 2024 பிப்ரவரியில நகர சபையும் விக்கறதில்லன்னு நின்னுடுச்சு, அந்த வாரமே கிளப் தலைவர் நாசர் அல் கெலாய்ஃபி முடிஞ்சு போச்சு, நாங்க கெளம்பறோம்னு சொல்லிட்டாரு. கெளம்பறதுக்கு எடம் பாத்ததுல 2025ல ரெண்டு பேரு மேல வந்துச்சு, தெற்க மாசி, மேற்க புவாசி. (மாசின்னு ஊர் பேரு பாத்ததும் எனக்கு வைத்திக்குப்பம் மாசி மகம்தான் ஞாபகம் வந்துச்சு, நம்ம புத்தி அப்டி.)

சரி, மாமா கட்சிய முதல்ல பாத்துடலாம், ஏன்னா அது சீக்கிரம் முடிஞ்சிடும். ஸ்டாத் த ஃப்ரான்ஸ் 1998 உலகக் கோப்பைக்காக பாரீசுக்கு வடக்க செந்தெனியில கட்டினது, 80,000 பேர் கொள்ளும், ரெடியா நிக்குது, செங்கல் வெக்க வேணாம். மாமா ஏன் அத சொல்றாருன்னா அவரு பையன் வீட்லேருந்து அதே ஆர்இஆர் டி ரயில்ல மூணு ஸ்டேஷன் தள்ளி எறங்கினா போதும், வேற காரணமே கெடையாது. ஆனா அது அத்லெட்டிக்ஸும் நடக்கற ஸ்டேடியம். கீழ் வரிசை ஸ்டாண்ட முன்ன பின்ன நகத்தற ஏற்பாடெல்லாம் வெச்சிருந்தாலும் கிண்ணம் அகலம் அகலம்தான். பார்க்ல கார்னர் அடிக்கறவன் மூக்கு சிந்தினா முதல் வரிசைக்காரனுக்கு கேக்கும், இங்க மேல் அடுக்குல உக்காந்தா பந்து கடுகு மாதிரி தெரியும். அப்புறம் அதுவும் சொந்த வீடு இல்லப்பா. அரசாங்கத்தோட சொத்து, நடத்தற உரிமை 2025லேருந்து ஜிஎல் ஈவன்ட்ஸ்னு ஒரு கம்பெனிக்கு 30 வருஷத்துக்கு போயிடுச்சு. நகராட்சிய வுட்டு கம்பெனிகிட்ட வாடகைக்குப் போறதுக்கு எதுக்கு மூட்ட கட்டணும்?

லண்டன்ல வெஸ்ட் ஹாம் இத பண்ணிப் பாத்தாச்சு. 2016ல பழைய அப்டன் பார்க்க வித்துட்டு ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு 99 வருஷ குத்தகையில போனாங்க. வருஷ வாடகை 25 லட்சம் பவுண்டுன்னு ஆரம்பிச்சது, அந்த லெவலுக்கு அடிமாட்டு வெல. ஆனா நடத்தறவன் வேற, ஓடுதளம் நடுவுல, கோலுக்கும் ரசிகனுக்கும் நடுவுல ஒரு பஸ் திருப்பலாம். வெல கம்மின்னு போன எடத்துல வீடு மாதிரி இல்லன்னு ரசிகர்கள் இன்னைக்கும் பொலம்பறாங்க.

இப்ப மாமா பையன் கட்சி, புது ஸ்டேடியம். இதுதான் உண்மையான போட்டி. அவன் வாதத்துல பாயிண்ட் இருக்கு, ஒத்துக்கறேன். டெலாய்ட்ங்கற ஆடிட் கம்பெனி கணக்குப்படி 2023-24ல ரியல் மாட்ரிட் உலகத்துல முதல் கிளப்பா 100 கோடி யூரோ வருமானத்த தாண்டுச்சு, அதுல மேட்ச் நாள் வசூல் மட்டும் 24.8 கோடி. அவங்க ஸ்டேடியம் பெர்னபேவ புதுப்பிச்சதோட பலன். அந்த வருஷம் பிஎஸ்ஜி 80.6 கோடியோட மூணாவது. டிக்கெட்டோ குதிரைக்கொம்பு, எப்பவும் ஹவுஸ்ஃபுல், அப்ப இன்னும் 12,000 சீட் இருந்தா அதுவும் போகும்தானேங்கறான். தவிர காலி மனையில கட்டினா கட்டி முடிக்கற வரைக்கும் பழைய எடத்துலயே ஆடலாம், பார்சிலோனா மாதிரி அலைய வேணாம். இது நெசமாவே பெரிய விஷயம், கேம்ப் நூவ இடிச்சு கட்டறோம்னு 2023ல வெளிய போனவங்க 2024 கடைசியில வந்துடுவோம்னாங்க, திரும்ப உள்ள கால் வெச்சது 2025 நவம்பர். நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட கட்டறப்ப ஏஎஃப்டி திடல்ல போயி பஸ் ஏறினோமே, அந்த மாதிரி, ஆனா வாரா வாரம் 50,000 பேரோட.

ஆனா பிரான்ஸ்ல புது ஸ்டேடியத்தோட ஜாதகம் எப்டி இருக்குன்னு பாருங்க, இதத்தான் அவன்கிட்ட எத்தன தடவ சொன்னாலும் ரிப்ளை போடாம ஸ்டிக்கர் போடறான். க்ரெனோப்ள்ல 2008ல 20,000 சீட்ல புது ஸ்டேடியம், 2011ல கிளப் திவால். லெ மான் 2011ல 25,000 சீட்டுக்குப் போச்சு, பிரான்ஸ்லயே முதல் தடவயா ஸ்பான்சர் பேரு வெச்ச ஸ்டேடியம், 2013ல அந்த கிளப்பும் திவாலாயி அமெச்சூர் லீக்ல போயி விழுந்துச்சு. அப்ப ஸ்டேடியம் பளபளன்னு நின்னுச்சு, உள்ள ஆட பெரிய டீம் இல்ல. போர்தோ 2015ல 42,000 சீட்டுக்கு மாறுச்சு, 2024ல நாலாவது டிவிஷன். லியோன் கதை கொஞ்சம் வேற, 2002லேருந்து 2008 வரைக்கும் வரிசையா 7 தடவ சாம்பியன் ஆனதெல்லாம் பழைய ஜெர்லான் ஸ்டேடியத்துல, 2016ல ஊருக்கு வெளிய தேசின்ல சொந்தமா 59,000 சீட்ல கட்டினாங்க, அதுக்கப்புறம் ஒரு லீக் பட்டம் கூட இல்ல, 2025ல கடன் கணக்கப் பாத்துட்டு கீழ் டிவிஷனுக்கு எறக்கறோம்னு ஆர்டரே வந்து அப்பீல்ல தப்பிச்சாங்க.

நியாயமா சொல்லணும்னா இதுக்கெல்லாம் ஸ்டேடியம் மட்டும் காரணம் இல்ல. ஓனர் தப்பு, டிவி காசு, மோசமான டீம் எல்லாம் சேந்துதான் கவுத்துச்சு. பிஎஸ்ஜிக்கு கத்தார் காசு இருக்கு, திவாலாக மாட்டாங்க. ஆனா புதுசா கட்டினா தானா வளந்துடும்ங்கற நம்பிக்கைய இந்த லிஸ்ட் காலி பண்ணிடுது இல்ல?

அப்புறம் தேவைன்னா என்ன? லிவர்பூல்ல எவர்ட்டனுக்கு இருந்தது தேவை. கூடிசன் பார்க் 1892ல கட்டினது, நெறைய சீட்ல உக்காந்தா முன்னாடி தூண் மறைக்கும், சுத்தி வீடுங்க, நகர எடம் இல்ல. 2025ல துறைமுகத்தாண்ட 52,000 சொச்சம் சீட்டோட புது எடத்துக்குப் போனாங்க, பழச இடிக்காம பொண்ணுங்க டீமுக்கு குடுத்தாங்க, அழகு. அதே ஊர்ல இன்னொரு கிளப் லிவர்பூல், பக்கத்து ஸ்டான்லி பார்க்ல புதுசா கட்டறோம்னு வருஷக்கணக்கா பேசிட்டு 2012ல வேணாம்னு முடிவு பண்ணி ஆன்ஃபீல்டயே ஸ்டாண்டு ஸ்டாண்டா ஏத்துனாங்க. 2016ல ஒரு பக்கம், அப்புறம் ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம், 45,000 இருந்தது 61,000 ஆச்சு. நடுவுல லீக், சாம்பியன்ஸ் லீக் எல்லாம் ஜெயிச்சாங்க. வேலை நடக்குதுன்னு ஒரு சீசன் கூட வெளிய போயி ஆடல.

பார்க்ல அது முடியுமான்னு கேட்டா, சுலபம் இல்ல. அந்த ஸ்டேடியத்துக்கு அடியிலயே பெரிஃபெரிக் ரிங் ரோடு சுரங்கமா போகுது, மேல நீங்க கோல்னு குதிக்கறப்ப கீழ கார் ஓடிட்டு இருக்கும். ஒரு பக்கம் அடுக்குமாடி, ரோட்ட தாண்டினா எதுத்தாப்ல ஜான் புவான் ஸ்டேடியம், அதுவும் நகராட்சியோடதுதான், அங்க 2025லேருந்து பாரீஸ் எஃப்சி வேற குடி வந்தாச்சு. அதனால அகலப்படுத்தறது கஷ்டம், உயரத்துலயும் உள்பக்கமாவும்தான் எடம் தேடணும், செலவு ஜாஸ்தி. ஆனா கத்தறதுக்குன்னே கட்டின எடம்பா அது. கூரை உள்ள சாஞ்சு வரும், ஒதெய் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கூட்டம் கோஷம் போட்டா சத்தம் வெளிய போகாம கிண்ணத்துலயே சுத்தும். மாமா பையன் என்னைய 2019ல கூட்டிட்டுப் போனப்ப எங்களுக்கு கெடச்சது மேல் அடுக்கு ஓரம், ஒரு மூலை கூட சரியா தெரியல, ஆனா கை வெச்சிருந்த கம்பி கோலுக்கு அதிர்றத நான் உள்ளங்கையில உணர்ந்தேன். போற வழியில போர்த் த செங் க்ளூ மெட்ரோவுலயே பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. மாசியில ரயில்ல எறங்கி பார்க்கிங் லாட்ட கடந்து போறப்ப அது வருமான்னு தெரியல, எனக்கு வராதுன்னுதான் தோணுது.

நம்ம ஊர் மேரி கட்டடத்த (பழைய நகராட்சி கட்டடம்) நெனச்சுக்குங்க. 2014 நவம்பர் மழையில பீச் ரோட்ல பொலபொலன்னு விழுந்துச்சு. ஊருக்கு வெளிய எங்கயாவது கண்ணாடி கட்டடமா கட்டியிருந்தா பார்க்கிங் தாராளமா கெடச்சிருக்கும். அதே எடத்துல அதே முகத்தோட திரும்ப கட்டினாங்க, 2021ல தொறந்தப்ப யாரும் பார்க்கிங்க பத்தி பேசல.

ஆனா எங்க வாட்ஸாப் சண்டையில ரொம்ப நாள் யாரும் கவனிக்காத ஒண்ணு, சீட்டு எண்ணிக்கை பிரச்சனையே இல்லங்கறது. யுவென்டஸ பாருங்க. டூரின்ல தெல்லே ஆல்ப்பின்னு 1990 உலகக் கோப்பைக்கு நகராட்சி கட்டின ஸ்டேடியம், 67,000க்கு மேல கொள்ளும், ஓடுதளத்தோட, பாதி காலியாவே கெடக்கும். அந்த எடத்த 99 வருஷத்துக்கு நகராட்சிகிட்ட எழுதி வாங்கி இடிச்சுட்டு 2011ல 41,000 சீட்ல கட்டினாங்க. ஆமா, சின்னதா. அந்த சீசன்லேருந்து வரிசையா 9 லீக் பட்டம். பெருசு இல்ல, கைவசம் சாவி, அதுவும் பேரன் காலம் வரைக்கும். பிஎஸ்ஜி கையில இருக்கறது 2013 வாக்குல போட்ட 30 வருஷ ஒப்பந்தம், அதுல பாதிக்கு மேல கரைஞ்சிடும் கட்டி முடிக்கறதுக்குள்ள. அடுத்தவன் வீட்ல 50 கோடி யூரோவுக்கு எவன் மார்பிள் போடுவான்? விக்கவும் மாட்டேன்னு நகராட்சி சொன்னதுலயும் தப்பில்ல, ஊர் சொத்து அது, கிளப் நாளைக்கு வேற நாட்டுக்காரன் கைக்குப் போகும். அப்ப ரெண்டுக்கும் நடுவுல டூரின் வழி ஒண்ணு கெடக்குதே, வித்ததும் இல்ல, வாடகையும் இல்ல.

என் வரிசை இதான்: நீண்ட குத்தகையோட பார்க் முதல்ல, அது நடக்கலன்னா மாசி, புவாசி மூணாவது (கிளப்போட ட்ரெய்னிங் கேம்பஸ் அங்கதான் இருக்கு, ஆனா தூரம்), ஸ்டாத் த ஃப்ரான்ஸ் எனக்கு வேணவே வேணாம். புவாசிக்கு ஆர்இஆர் ஏ போகுது, மாசிக்கு ரெண்டு லைன் ரயிலும் டிஜிவி அதிவேக ரயிலும் நிக்குது, ரசிகன் வீட்டுக்குப் போயி சேரணும்ல.

இத க்ரூப்ல போட்டதும் மாமாகிட்டேருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு. "டேய், அந்தம்மா விக்க மாட்டேன்னு சொல்றது அக்கிரமம்டா, 50 வருஷமா இருக்கறவனுக்கு எழுதிக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிடும்?"

மாமா வீட்டு முன்பக்கம் ஒரு பேக்கரி இருக்கு. 17 வருஷமா அதே ஆளு. பெரிய அடுப்பு வெக்கணும், மேல ஒரு ரூம் எடுக்கணும், கடைய எனக்கே குடுத்துடுங்கன்னு அவர் நாலு வருஷமா கேக்கறாரு. மாமா வருஷா வருஷம் 11 மாசத்துக்கு அக்ரிமென்ட் போடுவாரு, பூர்வீக சொத்து, விக்கறதுக்கு இல்லன்னு சொல்லுவாரு. போன மாசம் பேக்கரிக்காரர் லாஸ்பேட்டையில ஒரு காலி கடைய பாத்துட்டு வந்துட்டாருன்னு தெரிஞ்சதுலேருந்து மாமாவுக்கு காலையில சூடா பன் கெடைக்காதேன்னு ஒரே யோசனை.

நான் பதில் வாய்ஸ் நோட் எதுவும் போடல. "மாமா, நீங்கதான் இதால்கோ"ன்னு மட்டும் டைப் பண்ணேன். ரெண்டு ப்ளூ டிக் வந்துச்சு, ஒரு நாள் முழுக்க பதில் இல்ல. மறுநாள் சாயந்தரம் போன் பண்ணி, பிஎஸ்ஜிய பத்தி ஒரு வார்த்த பேசாம, 11 மாசத்துக்கு மேல எழுதணும்னா ரிஜிஸ்டர் பண்ணணுமாமே, பத்திர செலவு எவ்ளோ ஆகும்னு உன் ஃப்ரெண்டு வக்கீல் ஒருத்தன் இருக்கானே, அவன கேட்டு சொல்லுன்னாரு.