மெம்டெஸ்ட்86+: பிழையைக் காட்டும், ஆளைக் காட்டாது

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி. முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பெரிய ஜிப் கோப்புகளை விரித்தால், தரவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை. அதே கோப்பை மறுபடி விரித்தால் ஒழுங்காக விரியும். இரண்டு நாளுக்கொரு நீலத் திரை, ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் சொல்லும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருந்தால் டிரைவரைச் சந்தேகப்பட்டிருப்பேன். இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னால் ரேமைத்தான் பார்க்க வேண்டும்.

இயங்குதளத்தோடு வரும் சோதனையை முதலில் ஓட்டினேன். பிழை இல்லை என்றது. நம்பி ஒரு வாரம் வீண்.

பிறகுதான் ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+. பழைய பென் டிரைவில் 5.01 பதிப்பு கிடந்தது. புதிய மதர்போர்டில் அது எழவே இல்லை. 2022-இல் வந்த 6.00-லிருந்துதான் யூஇஎஃப்ஐ எனும் புதுவகை பயாஸில் ஓடுகிறது. புதிதாக இறக்கி, பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற, அங்கீகாரமில்லாத நிரலை எழவிடாத அமைப்பை அணைத்ததும் வேலை செய்தது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. எந்த இயங்குதளமும் இல்லாமல் தானே எழுந்து, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைக்கூட மாற்றி மாற்றி நினைவகத்தைத் துழாவுகிறது. இந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடித்துப் போயிற்று.

முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் மறுபடி ஏமாந்திருப்பேன். முதல் சுற்றை இது வேண்டுமென்றே சுருக்கமாக ஓட்டும். இரண்டாவதில்தான் முழுச் சோதனை. தூங்கி எழுந்து பார்த்தால் திரையெங்கும் பிழை வரிகள்.

ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தேன். வேகம் 3600-இலிருந்து 2133-க்கு இறங்கியது. பிழை குறைந்தது, நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தும் பிழை வந்தால் ரேம் ஸ்டிக் போய்விட்டது என்று முடிவுகட்டி, மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பத்தை நிரப்பக்கூட ஆரம்பித்துவிட்டேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு மற்றதை மதர்போர்டின் ஏ2 ஸ்லாட்டில் மட்டும் வைத்து ஓர் இரவு: பிழை சுழி. அடுத்த ஸ்டிக், அதே ஸ்லாட், அடுத்த இரவு: சுழி. இரண்டும் நல்லவை! பி2 ஸ்லாட்டில் வைத்தால் இரண்டுமே பிழை. ஆக, பிழை ஸ்டிக்கோடு நகரவில்லை, ஸ்லாட்டோடு நின்றது. இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்தே வைத்து எத்தனை நாள் ஓட்டியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

அதன் பிறகுதான் கைப்பேசியில் எடுத்து வைத்த பழைய திரைப் படத்தை உற்றுப் பார்த்தேன். நினைவகத்தில் எழுதியது ஒரு நெடுவரிசை, திரும்பப் படித்தது ஒரு நெடுவரிசை என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. பிழை வந்த முகவரிகள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. புரண்டிருந்தது மட்டும் அநேகமாக ஒரே பிட். சில்லில் ஒரு செல் கெட்டிருந்தால் அதே முகவரி மீண்டும் மீண்டும் வரும். இது செல் இல்லை, ஸ்லாட்டிலிருந்து சிபியுவுக்குப் போகும் கம்பி. நினைவகக் கட்டுப்பாடு சிபியுவுக்குள் இருப்பதால் அந்தக் கம்பி சாக்கெட் ஊசி வழியாகத்தான் போயாக வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. நாலாவது வாரம் சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று கூலரை மாற்றியிருந்தேன். ஒரு பக்கத் திருகை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனவன் நானேதான்; அழுத்தம் ஒருபக்கமாகச் சாய்ந்து ஏதோ ஓர் ஊசி சிபியுவைச் சரியாகத் தொடாமல் போயிருக்கலாம். கூலரைக் கழற்றி, சிபியுவை எடுத்துப் பார்த்தேன். ஊசி எதுவும் வளையவில்லை. மறுபடி உட்காரவைத்து, பேஸ்ட் புதிதாகத் தடவி, நாலு திருகையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். எக்ஸ்எம்பி போட்டு இரண்டு ஸ்டிக்கோடும் நாலு சுற்று. பச்சையில் பெரிதாக 'பாஸ்'.

குறை சொல்வதென்றால் ஒன்று உண்டு. இது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். விளையாட்டின் நடுவே பெட்டிக்குள் ஏறும் சூட்டில் மட்டும் தலைகாட்டும் பிழை இதில் சிக்காமல் போகலாம்.

பென் டிரைவில் அப்படியே வைத்திருக்கிறேன். இனி கூலரில் கைவைத்தால் அன்றிரவே ஓட்டுவதாக இருக்கிறேன்.