இடக்கண்ணால் பார்ப்பவருக்கு எஃப்.எம்.2

கேமராவின் பின்கதவு ஓரங்களில் ஒட்டியிருந்த ஃபோம் மும்பையின் ஈரக்காற்றில் தார்போலக் குழைந்து, வெளிச்சம் உள்ளே கசியத் தொடங்கியதால், ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் நிக்கான் எஃப்.எம்.2 பிலிம் கேமரா இரண்டு வாரம் ஃபோர்ட் பகுதியில் ஒரு மெக்கானிக்கிடம் கிடந்து, சென்ற சனிக்கிழமைதான் வீடு திரும்பியது. தாராவியில் எடுத்த பொங்கல் படங்களில் பாதிக்கு மேல், பானைக்குக் குறுக்கே ஆரஞ்சு நிறக் கோடு விழுந்திருந்தது. அந்த ரோலை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இந்த நேரத்தில்தான் சயானில் இருக்கும் நண்பர், இந்த கேமராவை வாங்கலாமா, இதே தோற்றத்தில் 2021-இல் வந்த டிஜிட்டல் இசட் எஃப்.சி.யை வாங்கலாமா என்று கேட்டார். இரண்டையும் நான் வைத்திருக்கிறேன்.

1982-இல் வந்த எஃப்.எம்.2-இன் 1/4000 நொடி ஷட்டரைப் பற்றியும், பேட்டரி தீர்ந்தாலும் ஒளியை அளக்கும் மீட்டர் மட்டுமே வேலை செய்யாமல் போகும் என்பதைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். எனக்குப் பேச வேண்டியிருப்பது பிலிமை நகர்த்தும் லீவரைப் பற்றி மட்டுமே. அதைச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் ஷட்டரின் பூட்டுத் திறக்கும். வலக்கண்ணால் பார்ப்பவருக்கு லீவர் முகத்துக்கு வெளியே நின்றுவிடுவதால் தொல்லையில்லை. இடக்கண்ணால் பார்க்கும் எனக்கோ அதன் முனை நேராக வலக்கண்ணுக்கு எதிரே வந்து மூக்குக்கண்ணாடியில் இடிக்கிறது. வலது கண்ணாடியில் எப்போதும் ஒரு மங்கலான தேய்ந்த தடம் இருக்கும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் முகத்தை விலக்கினால்தான் கட்டைவிரலால் லீவரைத் தள்ள முடியும். ஒன்பது ஆண்டுகளாகியும் இது எனக்குப் பழகவில்லை.

இசட் எஃப்.சி.யில் அந்த லீவரே இல்லை. மாட்டுங்கா பூக்கடைகளில் விடியுமுன் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400 உள்ள பிலிம் ரோலோடு நின்றால் கை அசைந்து படம் கலங்கிவிடும். அதே இடத்தில் இதில் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்துக் கவலையின்றி எடுக்கிறேன். ஆனால் 2023 அக்டோபர் இறுதியில், பிரீமியர் பத்மினி டாக்சிகள் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்ற வாரத்தில், ஒரு முதிய ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டபோது, நான் அதற்கு முந்திய படத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உடன் வந்த தம்பி சொல்லித்தான் எனக்கு அது தெரியும். அன்றிலிருந்து திரையை உட்பக்கமாகத் திருப்பி மூடியே வைக்கிறேன். அப்படியும் கட்டைவிரல் தானாகப் பிளே பொத்தானைத் தேடிப் போகிறது. எடுத்த படம், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள்ளேயே வந்து நிற்கிறது.

லீவர் இடிப்பதால் முகத்தை விலக்கும்போது மட்டும் எனக்கு வேறொன்று நடக்கிறது. இரண்டு கண்களாலும் எதிரில் இருப்பவரைப் பார்க்கிறேன். அவரும் என் முகத்தைப் பார்க்கிறார். சில சமயம் எந்த ஊர் என்று கேட்கிறார். பார்க்கத் திரை இல்லாததால் என் கண் வேறெங்கும் போவதில்லை. பிலிமில் நான் எடுத்தவற்றுள் எனக்குப் பிடித்த முகங்களில் பெரும்பாலானவை, அப்படி விலகி மீண்டும் கண் வைத்து எடுத்த இரண்டாவது படங்களே.

இருந்தும் நண்பரிடம் இசட் எஃப்.சி.யையே வாங்கச் சொன்னேன். ஒரு ரோலின் விலையும் கழுவி ஸ்கேன் செய்யும் கூலியும் சேர்ந்தால் 36 படங்களுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மழைக்காலம் வந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்குமோ என்ற பயம் வேறு. அவரும் கண்ணாடி அணிபவர், இடக்கண்ணால் பார்ப்பவர். எஃப்.எம்.2 அவருக்கு வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். புது ஃபோம் ஒட்டிய கதவுக்குள் நேற்று ஒரு ரோல் போட்டு, முதல் ஐந்து படங்களை வேண்டுமென்றே உச்சி வெயிலில் எடுத்தேன். மெக்கானிக்கின் வேலை எப்படி என்பது ரோல் முடிந்து கழுவி வந்த பிறகுதான் தெரியும்.