சில்லர் ட்ரிப் ஆகவே இல்லையா? பேனலைத் திறந்து பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சென்ட்ரல் ஏசி போட்ட கல்யாண மண்டபமோ ஹோட்டலோ ஆஸ்பத்திரியோ நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மேனேஜராக இருக்கும் மண்டபத்தில் 120 டன் வாட்டர் கூல்டு ஸ்க்ரூ சில்லர், அதாவது ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது (டன் என்பது எடையல்ல, குளிர்விக்கும் திறன்). இருந்தது என்று சொல்வதுதான் சரி. அதன் பராமரிப்பை ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டு ஒரு வெளியூர் கம்பெனியிடம் கொடுத்திருந்தோம். வக்கீல் வேண்டாம் என்றதால் பெயரைப் போடவில்லை.

வைகாசி முகூர்த்தங்களில் மெஷின் அடிக்கடி ட்ரிப் ஆனது, அதாவது பாதுகாப்புக்காகத் தானாக நின்றது. டிஸ்ப்ளேயில் தண்ணீர் ஓட்டம் குறைவு என்று வரும். தாலி கட்டும் நேரத்தில் ஏசி நின்றால் என்ன ஆகும் என்று மண்டபக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவையில் வியர்த்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார் அத்தனை பேரும் மேனேஜரைத்தான் பார்ப்பார்கள். கம்பெனி ஆள் வந்தார். பேனலைத் திறந்து பத்தே நிமிடத்தில் மூடினார். "சரியாயிருச்சுண்ணே, இனிமே ட்ரிப்பே ஆகாது" என்றார். சொன்னபடியே ஆகவில்லை. சில்லர் செத்த அன்றைக்குக்கூட ஆகவில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான்: தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச் வந்து சேரும் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் லூப் அடித்துவிட்டார். தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஓடுகிறது என்றே கண்ட்ரோலர் நம்பும். ஓட்டம் குறைந்ததற்குக் காரணம் பம்புக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டியில்) அடைப்பு. அதைக் கழற்றிக் கழுவ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

லூப்போடு விட்டிருந்தாலும் இன்னும் இரண்டு காவல் இருந்தது. சில்டு வாட்டர், அதாவது சில்லர் குளிர்விக்கும் தண்ணீர், வழக்கமாக 12 டிகிரியில் உள்ளே போய் 7 டிகிரியில் வெளியே வரும். 3, 4 டிகிரிக்கு இறங்கினால் ஃப்ரீஸ் கட்-அவுட் மெஷினை நிறுத்த வேண்டும். அதுவும் தவறினால் லோ பிரஷர் கட்-அவுட் நிறுத்த வேண்டும். எங்கள் மெஷினில் உள்ள ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸுக்கு 0 டிகிரியில் அழுத்தம் சுமார் 28 பிஎஸ்ஐ இருக்கும். எங்கள் கண்ட்ரோலரில் ஃப்ரீஸ் கட்-அவுட்டை மைனஸ் 5 டிகிரிக்கும் லோ பிரஷர் கட்-அவுட்டை 15 பிஎஸ்ஐக்கும் இறக்கி வைத்திருந்தார்கள், அதாவது தண்ணீர் உறையும் நிலைக்குப் போனாலும் மெஷின் நிற்காது. பாஸ்வேர்டு அவர்களிடம் மட்டும்தான்.

ஒரு மாப்பிள்ளை அழைப்பு அன்று ராத்திரி பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் ரப்பர் அறுந்தது. மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருந்தது, அதனால் பம்ப் ஓடுவதாகவே பேனல் காட்டியது. தண்ணீர் நின்றுவிட்டதை ஃப்ளோ சுவிட்ச் ஒன்றுதான் கண்டுபிடித்திருக்கும். கம்ப்ரஸர் இழுத்துக்கொண்டே இருக்க, எவாப்பரேட்டர் (கேஸ் தண்ணீரைக் குளிர்விக்கும் பகுதி) குழாய்களில் நின்ற தண்ணீர் உறைந்தது. உறையும் தண்ணீர் 9 சதவீதம் போல விரியும்; செம்புக் குழாய் அதைத் தாங்காது. சில்டு வாட்டர் லைனோடு சேர்ந்த மொட்டை மாடி எக்ஸ்பான்ஷன் டேங்க் கொதிப்பதுபோலக் குமிழி விட்டதை வாட்ச்மேன்தான் பார்த்தார். அது வெடித்த குழாய் வழியாகத் தண்ணீருக்குள் வந்த கேஸ். கேஸ் அழுத்தம் இறங்கியதும் தண்ணீர் திரும்பிக் கேஸ் பக்கம் போனது. காலையில் சைட் கிளாஸில் (உள்ளே பார்க்கும் கண்ணாடியில்) கம்ப்ரஸர் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. எவாப்பரேட்டர், கம்ப்ரஸர் இரண்டும் போச்சு.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் நடுக்கம். எந்தக் குழாய் வெடித்தது என்று பார்க்க அழுத்தம் ஏற்றி டெஸ்ட் செய்ய வேண்டும் என்று வந்த ஏஎம்சி கம்பெனி ஆட்கள் இறக்கிய சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. ஆக்சிஜன்! நைட்ரஜன் கிடைக்கவில்லையாம், வெல்டிங் பட்டறையில் வாங்கி வந்தார்களாம். எண்ணெய் கிடக்கும் கம்ப்ரஸருக்குள் அழுத்தத்தோடு ஆக்சிஜன் போனால் வெடிக்கும். பட்டறையிலிருந்து சிலிண்டரோடு வந்த வெல்டர்தான் கத்தித் தடுத்தார். படித்த இன்ஜினியர் பக்கத்தில் சும்மா நின்றார். சாம்பல் உடம்பும் கறுப்புக் கழுத்தும் கொண்ட நைட்ரஜன் சிலிண்டரைத் தவிர வேறெதையும் லீக் டெஸ்டுக்கு உங்கள் பிளான்ட் ரூமுக்குள் விடாதீர்கள். கேஸ் கசிந்த அறையில் கதவைத் திறந்து காற்றோட்டம் வரும்வரை நுழையவும் கூடாது; அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும்.

கம்பெனி வழக்கம்போல 'ஆபரேட்டர் தவறு' என்று மெயில் போட்டது. அப்போதுதான் பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். மாதாமாதம் அதே எண்கள்: உள்ளே 12.1, வெளியே 7.2. மார்கழியில் கல்யாணமே கிடையாது, மெயின் ஸ்விட்சையே அணைக்கச் சொன்னதும் அவர்கள்தான், கரண்ட் மிச்சமாம். நின்றுபோன மெஷினில் மார்கழி மாதமும் 7.2! அப்படி மெயினை அணைத்தால் ஆயில் ஹீட்டரும் அணைந்து, கேஸ் எண்ணெயில் கரைந்துவிடும். தையில் ஹீட்டரை ஒரு முழு நாள் போட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதையும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கண்டென்சரை (மெஷினின் சூட்டை வெளியேற்றும் பகுதி) திறந்து பார்த்த வேறொரு கம்பெனிக்காரர், குழாயில் படிந்த உப்பை எடுக்க வெறும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார்கள், குழாய்ச் சுவர் மெலிந்துவிட்டது என்றார். அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் கலக்கவில்லை, கழுவியபின் சோடா போட்டுச் சமன் செய்யவும் இல்லை. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து 1953இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இதே காரைக்குடியில்தான் இருக்கிறது, உலோக அரிப்பை ஆராய்வதே அங்கே ஒரு பெரிய வேலை. அந்த ஊரில் இப்படி!

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று தள்ளிவிடக்கூடும் என்கிறார் வக்கீல். அதனால் நோட்டீஸ் விட்டு சிவில் கோர்ட் பக்கம் யோசிக்கிறோம். எங்களிடம் இருக்கும் ஒரே நல்ல ஆதாரம், லூப் ஒயர் இருந்த இடத்திலேயே எடுத்த போட்டோ. உங்கள் பேனலிலும் அப்படி ஒரு துண்டு ஒயர் தென்பட்டால் மெஷினை நிறுத்துங்கள், ஆனால் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள். வயரிங் டயகிராமைப் பக்கத்தில் வைத்து, தேதி தெரியும்படி முதலில் போட்டோ எடுங்கள். அப்புறம் அவர்களைக் கூப்பிடுங்கள்.