பாதியில் நின்ற டிகிரியை ஆன்லைனில் முடித்தேன்: வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி எப்படி?

பன்னிரண்டு மாதம், இரண்டு டெர்ம், கட்டணம் 8,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. இந்தியாவில் இரண்டு வருட இன்ஜினியரிங்கோடு நின்றுபோன படிப்பை, அமெரிக்காவில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து டிகிரியாக முடிக்க எனக்கு ஆன கணக்கு இது. படித்தது வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டியில், சுருக்கமாக டபிள்யூ.ஜி.யு., பிசினஸ் மேனேஜ்மென்ட். முழுத் திருப்தி. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு யாரும் உடனே பணம் கட்டிவிட வேண்டாம். இதற்கு முன்னால் வேறொரு ஆன்லைன் கல்லூரியில் சேர்ந்து 1,800 டாலரும் முக்கால் வருடமும் இழந்தவள் நான், அங்கே எங்கே தப்பு செய்தேன் என்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் கல்லூரியின் பெயர் வேண்டாம். விவரம் கேட்டு ஒரு படிவம் நிரப்பினேன், பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவர் அவ்வளவு அன்பாகப் பேசினார். "உங்கள் பழைய கிரெடிட்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வோம், கவலையே படாதீர்கள்" என்றார் (கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குத் தரும் அளவு), நானும் நம்பிச் சேர்ந்தேன். முதல் பாடம் தொடங்கி மூன்று வாரம் கழித்துத்தான் மதிப்பீடு கைக்கு வந்தது. வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்கில் எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனம் என் இரண்டு வருடத்துக்கு 64 கிரெடிட் என்று எழுதியிருந்தது, கல்லூரி எடுத்துக்கொண்டது 17. அந்தப் பதினேழிலும் பாதிக்கு மேல் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடக் கணக்கில் போய்விட்டது. அதாவது அந்தக் கிரெடிட்டை 'ஏற்றுக்கொண்டார்கள்', ஆனால் டிகிரிக்குக் கட்டாயமான பாடம் ஒன்றுகூட அந்தப் பகுதியால் குறையவில்லை. ஏற்றுக்கொள்வது வேறு, டிகிரிக்குள் கழிப்பது வேறு. எனக்கு அது அப்போது தெரியாது. அன்று ராத்திரி அழுதேன்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு கிரெடிட் எத்தனை டாலர் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் எத்தனை கிரெடிட் மீதி இருக்கும் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், பணம் கட்டுவதற்கு முன்பே வாங்குங்கள். அமெரிக்காவில் ஓர் இளநிலைப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட். ஒரு கல்லூரி கிரெடிட்டுக்கு 300 டாலர் வாங்கி, உங்கள் பழையதில் 20 மட்டும் கழித்துக்கொண்டால் மீதி 100, மொத்தம் 30,000. இன்னொன்று 400 டாலர் வாங்கினாலும் 80 கழித்துக்கொண்டால் மீதி 40, மொத்தம் 16,000. விலை அதிகம் என்று நாம் ஒதுக்கிய கல்லூரிதான் கடைசியில் கிட்டத்தட்டப் பாதி விலையில் முடிகிறது. கூடவே இன்னொரு கேள்வி: உங்களிடமே படிக்க வேண்டிய குறைந்தபட்சக் கிரெடிட் எத்தனை? எவ்வளவுதான் கொண்டுபோனாலும் கொஞ்சம் தங்களிடமே படிக்க வேண்டும் என்று கல்லூரிகள் வைத்திருக்கும். பல இடங்களில் அது 30 கிரெடிட் அல்லது மொத்தத்தில் கால் பங்கு.

இரண்டாவது முறை மூன்று கல்லூரிகளுக்கு டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரி மதிப்பெண் பட்டியல்) அனுப்பி, மூன்று மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தியாவில் படித்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேலை உண்டு. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. மாதிரி, நேசஸ் சங்கத்தில் உறுப்பாக இருக்கும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பாடவாரியான அறிக்கை வாங்க வேண்டும், அதற்கு முன் உங்கள் கல்லூரி எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவான அறிக்கை என்று விலை குறைவாக ஒன்று இருக்கும், கிரெடிட் மாற்ற அது போதாது. டிரான்ஸ்கிரிப்ட்டை நாம் கையில் வாங்கி அனுப்பினால் பெரும்பாலும் செல்லாது, பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும். எனக்காக அப்பா அந்த அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தார். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்கிவையுங்கள்.

மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதைச் சில நிறுவனங்கள் மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதும், சில நிறுவனங்கள் சில நிபந்தனைகளோடு முழு இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்றே எழுதும். சமம் என்று வந்துவிட்டால் நீங்கள் மறுபடி இளநிலை படிக்கவே தேவையில்லாமல் போகலாம், நேராக முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம்.

சரி, டபிள்யூ.ஜி.யு.வுக்கு வருகிறேன். 1997-இல் 19 மாநில கவர்னர்கள் சேர்ந்து தொடங்கிய, லாபநோக்கமற்ற பல்கலைக்கழகம். தலைமையகம் யூட்டாவில் சால்ட் லேக் சிட்டி. இங்கே கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று விலை கிடையாது, ஆறு மாத டெர்முக்கு ஒரே கட்டணம். எனக்கு ஒரு டெர்முக்கு 4,000 டாலரை ஒட்டி வந்தது. படிப்பைப் பொறுத்து இது மாறும், நர்சிங் போன்றவற்றுக்குக் கூடுதல். அந்த ஆறு மாதத்தில் நான்கு பாடம் முடித்தாலும் பதினான்கு பாடம் முடித்தாலும் அதே கட்டணம்தான். புது மாணவர்கள் எந்த மாதமும் முதல் தேதியில் தொடங்கலாம், செமஸ்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வகுப்பு என்று எதுவும் நடக்காது, இத்தனை மணிக்கு வந்து உட்கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பாடத்தைத் திறந்ததும் முன்மாதிரித் தேர்வு ஒன்று இருக்கும். நான் எல்லாப் பாடத்திலும் புத்தகத்தைத் தொடும் முன்பே அதைத்தான் எழுதினேன். எந்தப் பகுதியில் எனக்கு ஏற்கெனவே தெரியும், எதில் ஓட்டை என்று அது காட்டிவிடும். ஓட்டை உள்ள பகுதியை மட்டும் படித்துவிட்டு உண்மையான தேர்வுக்குப் போகலாம். அது கேமரா முன்னால், ஒருவர் கண்காணிக்க எழுதுவது. சில பாடங்களில் தேர்வுக்குப் பதில் கட்டுரையோ திட்ட அறிக்கையோ எழுத வேண்டும். அதற்கு ரூப்ரிக் என்று ஓர் அளவுகோல் தருவார்கள், அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலைப்புப் போட்டு நேராகப் பதில் எழுதினால் திரும்பி வருவது குறையும். மருத்துவமனை பில்லிங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் என்பதால் கணக்கியல் அடிப்படை எனக்கு ஆறு நாளில் முடிந்தது. புள்ளியியலுக்கு ஐந்து வாரம் ஆனது, அதிலும் கடைசி வாரம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். தெரிந்ததில் வேகமாகப் போய், அந்த நேரத்தைத் தெரியாததில் கொட்ட முடிந்தது. இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மென்டர், அதாவது வழிகாட்டி உண்டு. டெர்ம் தொடக்கத்தில் முழுநேரத்துக்கான 12 கிரெடிட் அளவில் பாடம் போட்டுத் தருவார்கள், அதை முடித்தால் அடுத்த பாடத்தை மென்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளலாம். முதல் போனிலேயே "எனக்கு ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், அவர் அதற்கேற்ப வரிசை மாற்றிக் கொடுத்தார், துவண்ட நேரத்தில் நல்ல துணையாகவும் இருந்தார்.

சேரும் முன்பே நான் செய்த இன்னொரு வேலை நிறையப் பணத்தை மிச்சப்படுத்தியது. சோஃபியா என்று மாதச் சந்தாவில் பாடம் தரும் தளம் இருக்கிறது, நான் எடுத்தபோது மாதம் 99 டாலர், ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுக்கலாம். கல்லூரிக் கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் பரிந்துரைத்த பாடங்கள் அவை. அந்தப் பரிந்துரை ஒரு பரிந்துரை மட்டுமே, ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரி. அதனால் எந்தப் பாடம் எதற்குக் கழியும் என்ற பட்டியலை முதலில் கல்லூரியிடம் வாங்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். நான் இரண்டு மாதத்தில் எட்டுப் பாடம் முடித்தேன். வகுப்புக்குப் போகாமல் எழுதிப் பாஸ் செய்தால் கிரெடிட் கிடைக்கும் கிளெப் தேர்வும் இதே மாதிரிதான், காலேஜ் போர்டு 1967 முதல் நடத்துவது, ஒரு தேர்வு 100 டாலருக்குள். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு அதற்கான பாடத்தை இலவசமாகத் தந்து, பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கும் வவுச்சர் தருகிறது. இவை எல்லாவற்றையும் சேரும் முன்பே முடித்துவிடுங்கள், டபிள்யூ.ஜி.யு.வில் தொடங்கிய பிறகு வெளியிலிருந்து கிரெடிட் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

யாருக்குப் பொருந்தாது? இங்கே ஏ, பி என்று கிரேடு கிடையாது, பாஸ் என்றால் 3.0-க்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பின்னால் போட்டி கடுமையான முதுநிலைப் படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தக் கல்லூரி இதை எப்படிப் பார்க்கும் என்று இப்போதே கேளுங்கள். ஆசிரியர் முன்னால் நின்று சொல்லித்தந்தால்தான் மனதில் ஏறும் என்பவர்களுக்கு இது கஷ்டம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஒரே கட்டணம் என்பதில் லாபமே இல்லை, கிரெடிட் கணக்கில் வாங்கும் மாநிலக் கல்லூரியே மலிவாக முடியலாம். எனக்கு வாரம் இருபது மணி நேரம் கிடைத்தது, அதற்கு என் கணவர் ராத்திரிச் சமையலை முழுதாக எடுத்துக்கொண்டார். அது இல்லாமல் இந்தப் பன்னிரண்டு மாதம் நடந்திருக்காது.

வேறு இடங்களும் பாருங்கள். மெய்ன் பல்கலைக்கழகத்தின் பிரெஸ்க் ஐல் வளாகத்தில் யுவர்பேஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அங்கும் ஒரே கட்டணம்தான், ஆனால் எட்டு வாரம் எட்டு வாரமாக. நிறையக் கிரெடிட் சிதறிக் கிடப்பவர்களுக்கு தாமஸ் எடிசன் ஸ்டேட், எக்செல்சியர், சார்ட்டர் ஓக் மூன்றும் நல்ல வழி. எழுபதுகளின் தொடக்கத்தில், வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகவே ஆரம்பித்தவை இவை. ஸ்டார்பக்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் ஆன்லைன் டிகிரிக்குக் கட்டணத்தை நிறுவனமே ஏற்கும் திட்டம் 2014 முதல் இருக்கிறது. உங்கள் நிறுவனத்திலும் கேளுங்கள், வருடத்துக்கு 5,250 டாலர் வரை படிப்புக்குத் தருவது ஊழியருக்கு வரி இல்லாத பணம். என் முதல் டெர்ம் கட்டணத்தை அலுவலகம்தான் கட்டியது, ஒன்பது வருடம் அங்கே இருந்தும் அதுவரை நான் கேட்டதில்லை.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் ஃபாஃப்சா என்ற அரசுக் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பாமல் விடாதீர்கள், வருமானம் குறைவாக இருந்தால் திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட் கிடைக்கும், 2024-25-இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். எச்-4, எச்-1பி-யில் இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழு ஆன்லைன் படிப்பு எடுத்தால் விசாவே சிக்கலாகும், ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும்.

அங்கீகாரத்தைப் பற்றி விற்பனைப் பேச்சை நம்பாதீர்கள். அமெரிக்கக் கல்வித் துறையே அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, கல்லூரியின் பெயரைத் தட்டினால் யார் அங்கீகாரம் தந்தது என்று வரும். டபிள்யூ.ஜி.யு.வுக்கு அங்கீகாரம் தந்தது வடமேற்குக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களுக்கான ஆணையம். நர்சிங், ஆசிரியர் பணி, இன்ஜினியரிங் என்றால் கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது, அந்தப் படிப்புக்குத் தனியாக உண்டா, உங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் கிடைக்குமா என்று மாநில போர்டிடமே கேட்க வேண்டும். லாபநோக்கில் நடந்த கல்லூரிச் சங்கிலிகளான கொரிந்தியன் 2015-இலும் ஐ.டி.டி. டெக் 2016-இலும் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் பாதிப் படிப்போடு நின்றார்கள். அவர்கள் கிரெடிட்டை வேறு கல்லூரிகள் எடுத்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது.

இப்போது என் சித்தி மகள் நர்சிங் முடிக்கப் பார்க்கிறாள். மூன்று கல்லூரிகளுக்கு டிரான்ஸ்கிரிப்ட் போயிருக்கிறது. இரண்டிடமிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது, மூன்றாவது இடத்தில் "சேர்ந்த பிறகு சொல்கிறோம்" என்றார்கள், அந்தப் பெயரை அன்றைக்கே அடித்துவிட்டாள்.