அரை மாத்திரையா, ஆறு வாரமா?

தண்டையார்பேட்டையில் மெடிக்கல் கவுன்டரில் நிற்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடிக்கடி காதில் விழுவது இது: "அண்ணா, நெஞ்சு படபடங்குது, அந்த அரை மாத்திரை இருந்தா குடுங்க." அவர்கள் கேட்பது அல்பிரசோலம். சீட்டை வாங்கிப் பார்த்தால் டாக்டர் முதலில் எழுதியிருப்பது எஸ்சிடலோபிராம். அதைத்தான் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.

மூளையின் ஓட்டத்தைத் தணிக்கும் காபா என்ற ரசாயனத்துக்கு அல்பிரசோலம் வலு கூட்டுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதற்றம் இறங்கிவிடும். எஸ்சிடலோபிராம் அப்படியல்ல. நரம்பு செல்கள் வெளியே விட்ட செரோடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கிறது. தடுப்பு அன்றைக்கே தொடங்கினாலும், மூளை அதற்கு இசைந்து பயம் தணிய பொதுவாக 2 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டல் வரும், தூக்கம் கெடும், சிலருக்குப் படபடப்பே கூடும். "இது எனக்கு ஒத்துக்கல" என்று அட்டையை மூலையில் போடுவது அப்போதுதான். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. கவுன்டரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அரை மாத்திரையின் கணக்கு பின்னால்தான் வரும். சில வாரங்களிலேயே உடம்பு பழகி, அரை ஒன்றாகும். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ஷெட்யூல் எச் 1 மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் தரமாட்டேன். நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதிய பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

மாதக்கணக்கில் இழுக்கும் பதற்றத்துக்கு என் ஓட்டு மெதுவான மாத்திரைக்கே. தொடக்க வாரங்களைத் தாண்ட இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, அல்பிரசோலத்தைப் படிப்படியாகக் குறைக்கும் டாக்டர்களும் உண்டு. எஸ்சிடலோபிராமையும் சட்டென்று விடக் கூடாது, தலை சுற்றும்.

படபடப்புக்கு எழுதும் இன்னொரு மாத்திரையான புரோப்ரனலால் தனிக் கதை. மனதிலுள்ள பயத்தை அது பெரிதாகத் தொடாது. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதையும் கையை நடுங்க வைப்பதையும் தடுக்கும். கேரம் போட்டியில் ஸ்ட்ரைக்கர் மேல் விரல் நடுங்குகிறதே, அந்த மாதிரி நடுக்கத்துக்கு. துப்பாக்கி சுடும் போட்டிகளில் இதைத் தடை செய்திருப்பதும் அதனால்தான். ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஆலைப் புகை சூழ்ந்த எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர் சீட்டில் இதைப் பார்த்தால், "வீசிங் உண்டா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அட்டையை எடுப்பேன்.